பாளையில் 100 டிகிரி வெயில்... உங்க லேப்டாப் எஸ்எஸ்டி எத்தனை டிகிரியில் ஓடுது?

மே மாதம் வந்துவிட்டால் மாலைச் செய்தியில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்கள். வேலூர், திருத்தணி, மதுரை என்று வரும் அந்த வரிசையில் பாளையங்கோட்டை பெயரும் அடிக்கடி இருக்கும். கேட்டதும் மோர் குடிக்கிறோம், குடையை எடுக்கிறோம், பிள்ளைகளை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறோம். அதே நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை யாரும் நினைப்பதில்லை.

நெல்லை ஜங்ஷன், டவுன், பாளை என எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஸ்டுடியோ, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு டிடிபி சென்டர் இருக்கிறது. "அண்ணாச்சி, காலைல நல்லா ஓடுச்சு, மத்தியானம் ஆனா சிஸ்டம் இழுக்குது" என்ற புலம்பலும் அங்கே சகஜம். உடனே வைரஸ் என்று முடிவு கட்டி ஃபார்மேட் அடித்துவிடுவார்கள். காரணம் வெப்பமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க காசு செலவில்லை, ஐந்து நிமிடம் போதும்.

எஸ்எஸ்டி ஏன் சூடாகிறது?

பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழலும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. தகவலைச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப்களும், அவற்றை மேய்க்கும் கன்ட்ரோலர் சிப்பும்தான். சூட்டில் பெரும்பங்கு இந்தக் கன்ட்ரோலருடையது. சாட்டா வகை எஸ்எஸ்டி அதிகம் சூடாகாது. சூயிங்கம் பட்டை போல் மெல்லிசாக மதர்போர்டில் செருகும் என்விஎம்இ வகைதான் வேகமும் அதிகம், சூடும் அதிகம்.

சாதாரணப் பயன்பாட்டுக்கான எஸ்எஸ்டிகளுக்கு 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை என்றுதான் பெரும்பாலும் தயாரிப்பாளர்கள் வரம்பு குறிக்கிறார்கள். இங்கேதான் நம்மூர் கணக்கு வருகிறது. 25 டிகிரி ஏசி அறையில் ஒரு வேலைக்கு 50 டிகிரி காட்டும் டிரைவ், 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு ஏறக்குறைய 63 காட்டும். பெரிய வீடியோ ஃபைலைக் காப்பி செய்தால் எல்லையை எட்டிவிடும். அப்போது டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானே வேகத்தைக் குறைக்கும். 'மத்தியானம் இழுக்குது' என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படிப் பார்ப்பது?

ஒவ்வொரு என்விஎம்இ டிரைவுக்குள்ளும் வெப்ப உணரி இருக்கிறது. அது சொல்வதை வாசித்துக் காட்ட ஒரு மென்பொருள் வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ், டிஸ்க்ஸ் அண்டு வால்யூம்ஸ் என்று போய், டிரைவின் ப்ராபர்டீஸைத் திறந்தால் வெப்பநிலை தெரியும். இன்னும் விவரம் வேண்டுமென்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, எச்டபிள்யூ இன்ஃபோ போன்றவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது.

ஒரே டிரைவுக்கு இரண்டு மூன்று எண்கள் காட்டினால் பதற வேண்டாம். ஒன்று டிரைவின் மொத்த நிலையைச் சொல்லும் எண்; மற்றவை தனித்தனி உணரிகள். கன்ட்ரோலர் பக்கத்து எண் கூடுதலாகத்தான் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது மொத்த நிலை எண்ணை.

அதைவிட முக்கியமான ஒரு வரி உண்டு. எச்சரிக்கை வெப்ப அளவுக்கு மேல் இதுவரை எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கை எழுதி வைக்கவும் என்விஎம்இ தரத்தில் இடம் இருக்கிறது. பூஜ்யம் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. வாரா வாரம் அது ஏறினால் காற்றோட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் பார்த்துவிட்டு விடுவதைவிட, காலையிலும் மத்தியானமும் வேலை நடக்கும்போது பார்த்து எழுதி வைப்பதுதான் பலன் தரும்.

அணைத்து வைத்தால் பாதுகாப்பா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. மின்சாரமே கொடுக்காமல் போட்டு வைத்தால் அது மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் அமைப்பின் தரக் கணக்குப்படி, எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 ஆண்டு தகவலைத் தாங்க வேண்டும். நம் ஊரில் கோடையில் மேல்மாடி அலமாரி 30 டிகிரியிலா இருக்கிறது? புது டிரைவ் இதைவிட வெகு காலம் தாங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் உழைத்துத் தேய்ந்த டிரைவில் கல்யாணப் படங்களைப் போட்டு பீரோவில் பூட்டி, ஐந்து வருஷம் கழித்து எடுக்கலாம் என்று நம்பக்கூடாது. இன்னொரு பிரதி வேறொரு இடத்தில் கட்டாயம் வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது சேதம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வெயில் அப்படிக் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. அதனால்தான் அளந்து பார்க்கும் பழக்கம் தேவை.

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் கருவியைக் கையில் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. மெத்தை மேல் வைத்து ஓட்டாதே, காற்றுத் துளையை அடைக்காதே, வெப்பநிலையை இங்கே பார், படிப்பு ஃபைலுக்கு இன்னொரு பிரதி எடு என்று தமிழில் ஒரு பக்கத் தாள் கூடவே கொடுப்பதற்கு என்ன பெரிய செலவு? பள்ளிக் கணினி ஆய்வகங்களிலும் கோடை விடுமுறைக்கு முன்பும் பின்பும் இந்த எண்களைக் குறித்து வைக்கலாம். மாணவர்களையே செய்யச் சொன்னால் அதுவும் ஒரு பாடம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்வீஸ் சென்டரில் ஃபார்மேட் அடிக்கச் சம்மதிக்கும் முன் "டிரைவ் ஹெல்த் ரிப்போர்ட் காட்டுங்க" என்று கேளுங்கள். சூடுதான் காரணம் என்றால் தூசி தட்டுவது, சில நூறு ரூபாய் ஹீட்சிங்க் ஒட்டுவது, கேபினட்டைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைப்பது போன்றவற்றிலேயே பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

ஜூனில் சாரல் காற்று வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது போல் தோன்றும். அடுத்த மே மாதமும் வரும். அதற்குள் ஒரு தடவை அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.