சதுரங்கத்தில் உடை விதி: முகநூல் சண்டையில் விடுபட்டது

மெர்கோங் – 2017 ஏப்ரலில் புத்ராஜெயாவில் நடந்த தேசியப் பள்ளிகள் சதுரங்கப் போட்டியிலிருந்து 12 வயது மாணவி ஒருவர் பாதியில் விலகினார். அவர் அணிந்திருந்தது முழங்கால் வரையிலான கவுன். அது ‘கவர்ச்சியாக’ இருப்பதாகச் சொல்லப்பட்டது என்று அவருடைய பயிற்றுநர் முகநூலில் எழுத, விவகாரம் வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது. ஏற்பாட்டாளர் தரப்பு அதை மறுத்தது.

இணையவாசிகள் கவுனின் நீளத்தையும் மதத்தையும் பிடித்துக்கொண்டு மோதினார்கள். அதே பதிவில் இருந்த இன்னொரு விஷயம் பெரிதாகப் பேசப்படவில்லை. உடை சரியில்லை என்று சொன்னது இரண்டாம் சுற்றின் நடுவில், அதுவும் கடிகாரத்தை நிறுத்தாமல். சிலுவார் வாங்கச் சொன்னபோது இரவு மணி பத்து. மறுநாள் ஆட்டம் காலை 9 மணிக்கு. எந்தக் கடை திறந்திருக்கும்?

கெடாவிலிருந்து புத்ராஜெயா வெகு தூரம். தோட்டப்புறப் பெற்றோர் வேலைக்கு விடுப்பு எடுத்து, பேருந்துக்கும் தங்குவதற்கும் பணம் சேர்த்துத்தான் பிள்ளையை அழைத்துப் போக முடியும். இப்படி ஓர் இரவு அவர்களுக்கு வந்தால் அத்தனையும் வீண்.

உடை விதி இருக்கட்டும். பள்ளிச் சீருடைதான் என்றாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது அழைப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் கட்டும் முன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் ஏற்பாட்டாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப் பதிலாக இருந்தாலும் அழிக்காமல் வைத்திருங்கள்.