மேட்டூர் சாம்பலும் நம்ம ஊர் பனியனும்

"இவ்வளவு காத்தாடி இருக்கே, நிலக்கரி எதுக்கு?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றுவது வைகாசி முதல் புரட்டாசி வரைதான். காத்து நின்னாலும் நிட்டிங் மெஷின் நிக்கக் கூடாதே!

அப்போது கை கொடுப்பவற்றில் ஒன்று மேட்டூர் அனல்மின் நிலையம். 1987-ல் உற்பத்தி தொடங்கியது. 210 மெகாவாட் யூனிட்டுகள் 4, 2013-ல் வந்த 600 மெகாவாட் யூனிட் 1, ஆக மொத்தம் 1,440 மெகாவாட்! ஒடிசா நிலக்கரி கப்பலில் எண்ணூர் வந்து, ரயிலில் மேட்டூர் போகிறது. இந்திய மின்சாரத்தில் பத்தில் சுமார் ஏழு பங்கு நிலக்கரி தருவதுதான்.

ஆனால் நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரித்தால் 30 கிலோவுக்கு மேல் சாம்பல். கரண்ட் நமக்கு, சாம்பல் மேட்டூருக்கு!

சாயத்தண்ணி ஒரு ஊரை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று ஒரு சொட்டும் நொய்யலில் விடக் கூடாது. அப்படிச் சுத்திகரிக்கவும் நிறைய கரண்ட் வேணும். நம்ம ஆறு சுத்தமாக, இன்னொரு ஊரில் புகை. இது நியாயமா?

அனல்மின் நிலையத்தை இன்றே மூடச் சொல்லவில்லை. மூடினால் நம் பெற்றோர் வேலைதான் முதலில் போகும். ஆனால் பனியன் கம்பெனிக் கூரை, பள்ளிக்கூடக் கூரை எல்லாவற்றிலும் சோலார் வரட்டும். காத்தும் வெயிலும் போக, மீதிக்கு மட்டும் கரி எரியட்டும். சாம்பல் முழுவதும் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகட்டும்.

பில் கட்டிட்டா கணக்கு முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஆளில்லாத வகுப்பில் ஃபேன் சுத்தினா, உடனே நிறுத்துங்க!