இன்சுலின் இலவசம், அளவு பார்ப்பது யார் செலவு?

அண்ணல் அம்பேத்கரின் உடம்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சட்ட அமைச்சராக இருந்த ஆண்டுகளில் சர்க்கரை நோய் அவரை வாட்டியது. இன்சுலின் போட்டுக்கொண்டார், கால் வலியில் தூக்கம் கெட்டது. 1948இல் அவர் மணந்துகொண்ட சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். கவனித்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம், எங்களுக்குத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன்.

அவன் பெயரும் ஊரும் வேண்டாம். அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர். பையனுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வரும் சுகர் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை, பத்தியம் இருந்தால் போவதுமில்லை. உயிரோடு இருக்க வேண்டுமானால் தினமும் ஊசி போட வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை.

இன்சுலின் அவனுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. இது சின்ன விஷயமில்லை. இந்தியாவின் பல மூலைகளில் இன்றும் இல்லாத ஒன்று. ஆனால் எவ்வளவு போடுவது? அதற்கு ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று தெரிய வேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று கடையில் 15 முதல் 25 ரூபாய். குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது பார்க்கச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டல்கள். அப்படியானால் நாளைக்குக் கிட்டத்தட்ட நூறு ரூபாயோ அதற்கு மேலோ. ஒப்பந்தக் கூலியில் அது நடக்குமா? அந்த அம்மா ஒரு நாளைக்கு ஒருமுறை பார்த்தார். மாதக் கடைசியில் அதுவும் இல்லை. அளவு தெரியாமல் இன்சுலின் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பது மாதிரி. அதிகமானால் சர்க்கரை சடசடவென்று இறங்கி வலிப்பு வரும், உயிரும் போகலாம். குறைந்தால் ரத்தம் அமிலமாகி, வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நாங்கள் சிலர் காசு போட்டு அவனுக்கு இரண்டு சென்சார் வாங்கினோம். மேல் கையில் ஒட்டும் வட்ட வில்லை, பெரிய நாணயம் அளவு. அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்துகொண்டு இரவும் பகலும் குளுக்கோஸை அளக்கும். ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும் என்றாலும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியோடு சொல்லிவிடும். சில வகைகள் 70க்குக் கீழே போனால் அலாரமும் அடிக்கும். ஒன்று 14 நாள் உழைக்கும், விலை கிட்டத்தட்ட 5,000 ரூபாய். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். எங்களில் ஒருவரின் பழைய ஸ்மார்ட்போனைக் கொடுத்தோம். இவனுடையது போனை அருகில் காட்டினால் கடைசி எட்டு மணி நேரத்தின் கோட்டை வரைந்து காட்டும் வகை. இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, அவர் வேலைக்குக் கிளம்பும் நாலரைக்கு ஒருமுறை.

மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. விடியற்காலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் சர்க்கரை 50க்கு இறங்கிக் கிடக்கிறது. காலையில் எழ மாட்டான், எழுந்தால் எரிந்து விழுவான், முதல் பீரியடில் தூங்குவான். பள்ளியில் அவனுக்குப் பெயர் சோம்பேறி. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்க யாருக்கும் அதிக ஆதாரம் தேவைப்படுவதில்லை. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது: "தம்பி, இத்தன நாளா நான் அவன அடிச்சில்ல எழுப்பிக்கிட்டிருந்தேன்."

மருத்துவர் இரவு இன்சுலினைக் குறைத்தார். பையன் காலையில் எழுகிறான். 28 நாளில் சென்சார் தீர்ந்துவிட்டது, திருத்திய அளவு மட்டும் மிஞ்சியது. ஆண்டுக்கு இரண்டு முறை கிடைத்தால்கூட இவ்வளவு செய்ய முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். "சேரிக்கு எதற்கு சென்சார், முதலில் கக்கூஸ் கட்டச் சொல்" என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். ஏன், இரண்டையும் கேட்டால் என்ன? இங்கிலாந்தில் 2022 முதல் டைப் 1 குழந்தைகள் அனைவருக்கும் இந்தக் கருவியைத் தரும்படி வழிகாட்டல் இருக்கிறது. அங்கேயே கறுப்பினப் பிள்ளைகளிடமும் ஏழைப் பகுதிகளிலும் நவீனக் கருவிகளின் பயன்பாடு குறைவு என்று அவர்களுடைய தேசியத் தணிக்கை அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. இலவசம் என்று அறிவித்துவிட்டாலும் கடைசி வீட்டுக்குத் தானாக வந்து சேராது. இட ஒதுக்கீட்டிலும் உதவித்தொகையிலும் நாம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்தான் இது.

தொலைதூரம் போக வேண்டாம். கேரளத்தில் ஏழைக் குடும்பத்து டைப் 1 குழந்தைகளுக்காக அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. இன்சுலின் பேனா, பம்ப், தொடர் கண்காணிப்புக் கருவி வரை அதில் உண்டு. பெயர் 'மிட்டாய்'. வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பெரியவர்களின் சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. நல்ல திட்டம். அதே பையில் இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிப் டப்பாவும் வரட்டும். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் என்ன செலவாகிறது என்று கேட்கும்போது சாலை, கட்டடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சென்சாரையும் கேட்போம்.

பள்ளி தனிக் கதை. காலை உணவுத் திட்டத்தில் எட்டு மணி வாக்கில் பொங்கலோ உப்புமாவோ வருகிறது. சாப்பிடுமுன் ஊசி போட வேண்டும். அம்மா அப்போது தெருவில் குப்பை அள்ளிக்கொண்டிருக்கிறார். பத்து வயதுப் பையன் கழிப்பறைக்குள் போய்த் தானே போட்டுக்கொள்கிறான். வகுப்பிலேயே அளவு பார்க்க, ஊசி போட, இடையில் தின்பண்டம் சாப்பிட இந்தப் பிள்ளைகளை அனுமதிக்கச் சொல்லி 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. நாங்கள் பார்த்த தலைமை ஆசிரியருக்கு அது தெரியவில்லை. சொன்ன பிறகு, மறுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் இருக்கின்றன, டைப் 1 இல்லை. அதனால் இந்தப் பிள்ளைக்கு எல்லாமே யாரோ ஒருவரின் நல்ல மனசைப் பொறுத்தது.

அடுத்த ஆண்டு அவனை விடுதியில் சேர்க்கலாமா என்று அம்மா யோசிக்கிறார். நம் விடுதிகளுக்கு இப்போது 'சமூகநீதி விடுதி' என்று பெயர். மாணவத் தோழர்களே, அங்கே தங்கிப் படிப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் விடுதியில் இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜோ, ஈர மணல் சுற்றிய மண்பானையோ இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையன் வியர்த்து நடுங்கினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும், மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும் என்றும் வார்டனுக்குத் தெரியுமா? கேட்டு எழுதுங்கள். ஜூனுக்குள் அந்த அம்மாவுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.