"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னு சொன்னவங்களுக்கு

கொஞ்சம் நீளமா எழுதறேன். கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துல சாம்பார் அடிபிடிச்சுப் போச்சு. உண்மைதான், நானும் சாப்பிட்டேன். ஆனா சமையல் கட்டுல அந்த அக்காவ பேசின பேச்சுதான் சரியில்ல. "பக்கத்துலயே நிக்கறாங்க, கருகின வாசம்கூட தெரியல"ன்னாங்க. கற்பூர வாசனையும் அவங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சதும் ஒருத்தர் இந்தக் கழுதைப் பழமொழிய சொன்னாரு. இன்னொருத்தர் "சாமி குத்தம்"னாரு. அக்கா கைய தொடச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். 2021-ல அவங்களுக்கு கோவிட் வந்துச்சு. காய்ச்சல் ஒரு வாரத்துல போச்சு, வாசனை திரும்பல. மாசக்கணக்கு கழிச்சு திரும்பினதும் தப்பாத்தான் திரும்புச்சு. எண்ணெயில வெங்காயம் விழுந்தா ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குதாம். தோட்டத்துல வளர்ந்த நமக்கு அந்த நாத்தத்த யாரும் விளக்க வேண்டாம். அதுக்குள்ள நின்னுதான் இவ்வளவு நாளும் நமக்கு ஆக்கிப் போட்டிருக்காங்க.

இது சாமி குத்தம் இல்ல, கிருமி செஞ்ச வேலை. மூக்கோட உச்சியில வாசனைய பிடிக்கற நரம்பு செல் இருக்கு. கோவிட் கிருமி முக்கியமா தாக்கறது அதுக்குத் துணையா நிக்கற செல்ல. துணை சாஞ்சா நரம்பும் கெடும். திரும்ப வளரும்போது இணைப்பு மாறினா நல்ல வாசனையே நாத்தமா தெரியும். நாக்குக்குத் தெரியறது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மாதிரி கொஞ்சம்தான். மத்த ருசியெல்லாம் மூக்கு சொல்றது. கோவிட்டுக்கு முன்னாடியே சாதா சளிக்காய்ச்சலால இப்படி ஆனவங்க உண்டு.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். சாமிக்குப் போடற பூவ மோந்து பாக்கக்கூடாதுன்னு பிள்ளைங்கள அதட்டறோம். நைவேத்தியத்த ருசி பாக்காமதான் படைக்கறோம். அப்புறம் மூக்கும் நாக்கும் சரியில்லாதவங்க சேவைக்கு ஆகாதுன்னு எந்த சாஸ்திரம் சொல்லுது?

"கேஸ் லீக் ஆனா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதுக்கு இன்னொரு ஆளை கூட நிறுத்தணும், இருக்கற ஆளை விரட்டக்கூடாது. இவ்வளவு பெரிய அடுப்புல ஒத்த ஆளை விட்டது தொண்டூழியர் நம்ம தப்பு. இனி எப்பவும் ரெண்டு பேர். தோம்பு மாத்தினா சோப்புத் தண்ணி தடவி முட்டை வருதான்னு பாக்கணும். அன்னதானத்துக்கு எடுக்கற சாப்பாட்ட, படைச்ச பிறகு இன்னொருத்தர் ருசி பாக்கட்டும்.

உங்க வீட்டுலயும் இப்படி யாராவது இருந்தா மூக்குல எண்ணெய் விடறது, விபூதிய உறிஞ்சறது வேண்டாம். கிளினிக்குக்குப் போங்க, காது மூக்கு தொண்டை டாக்டர பாக்க லெட்டர் கேளுங்க. 2009-ல ஜெர்மனியில ஹும்மல்ங்கற டாக்டர் ஒரு பயிற்சிய சோதிச்சு எழுதினாரு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் - இந்த நாலு வாசனையையும் காலை மாலை கொஞ்ச நேரம் கவனமா மோந்து பாக்கணும். மூணு மாசமாவது விடாம செய்யணும். எல்லாருக்கும் முழுசா சரியாகாது, ஆனா பலருக்கு முன்னேற்றம் தெரியுது. இதுல மூணு நம்ம கோவில்லயே இருக்கு.

வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவ திரும்ப கூப்பிட அவங்க வீட்டுக்குப் போறேன். பழமொழி சொன்னவரும் கூட வாங்க. மன்னிப்புன்னு பெருசா ஒண்ணும் வேண்டாம், "வாங்கக்கா, அடுப்ப நான் பாத்துக்கறேன்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.