ஆயிரம் வாட்ஸ் என்று அட்டையில் எழுத யாருக்கும் செலவில்லை

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வீட்டில் பாடிக்கொண்டிருந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் போன மாதம் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், "எஸ்டிகே ஐசி போயிடுச்சு சார். ஒரிஜினல் இப்ப கிடைக்காது, வர்றதெல்லாம் டூப்ளிகேட். போட்டாலும் நிக்காது" என்றார். நேர்மையான மனிதர். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சரி, புதிதாக ஒரு ரிசீவர் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் சொன்ன முதல் வாக்கியம்: "பழைய ஸ்பீக்கரையெல்லாம் எடைக்குப் போட்டுடுங்க சார்." இரண்டாவது வாக்கியம்: "இது தௌசண்ட் வாட்ஸ்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் எதிராகத்தான் இந்தப் பதிவு. நான் இன்ஜினியர் இல்லை. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த வாத்தியார். அந்த அறிவியலே இதற்குப் போதும்.

அந்த ஆயிரம் வாட் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மின்சாரம் எடுப்பது 60 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சட்டியில் 60 இருந்தால் அகப்பையில் 1000 எப்படி வரும்? ஒரு கண நேர உச்சத்துக்குக் கெபாசிட்டர் கை கொடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். தொடர்ந்து கொடுக்க முடியாது. பையனிடம் கேட்டால், "அது பிஎம்பிஓ சார்" என்கிறான். பிஎம்பிஓ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை என்று ஒன்று கிடையாது. அவரவர் மனதில் தோன்றிய எண்.

நல்ல கம்பெனியிலும் கண்ணைத் திறந்து படிக்க வேண்டும். யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 ஓர் ஆரம்ப விலை ஐந்து சேனல் ரிசீவர். அதன் விவரப் பட்டியலில் ஒரே பெட்டிக்கு மூன்று எண்கள், மூன்றும் 6 ஓமில். 135 வாட்: ஒரு சேனலை மட்டும் ஓட்டி, ஒரே அதிர்வெண்ணில், டிஸ்டார்ஷன் 10 சதவீதம் வரை விட்டு எடுத்தது. 100 வாட்: அதே ஒரு சேனல், டிஸ்டார்ஷன் 0.9 சதவீதம். 70 வாட்: இரண்டு சேனலையும் ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீதம். மூன்றையும் அச்சிட்டிருக்கிறார்கள், அது நியாயம். ஆனால் கடையில் உங்கள் காதுக்கு எந்த எண் வந்து சேரும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? நம் வீட்டுக்கு உள்ளது அந்த 70தான். அமெரிக்காவில் இந்த வாட் புளுகைக் கட்டுப்படுத்த 1974-லேயே விதி போட்டார்கள். 2024-ல் அதை இன்னும் இறுக்கினார்கள்.

அந்த 70 குறைவும் இல்லை. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறவருக்கு ஆயிரம் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரோடு பகை வளர்க்கவா?

என் வீட்டம்மாவின் புகார் சத்தம் போதவில்லை என்பதல்ல. "பாட்டு காதைக் கிழிக்குது, பேசுறது மட்டும் புரியல" என்கிறார். அறுபது தாண்டிய பல வீடுகளில் இதே பேச்சுதான். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். ரிசீவரில் அந்த ஒன்றை மட்டும் கூட்டி வைக்கலாம். நான் ரிசீவர் வாங்குவதற்கு இந்த ஒரு காரணம் போதும். அட்மாஸ் வேண்டாம். அதற்கு மேலிருந்து ஒலிக்க வேறு ஸ்பீக்கர்கள் வேண்டும், எங்கள் கூரையில் ஃபேனுக்கே இடம் இல்லை.

"எச்டிஎம்ஐ 2.1 இல்லாட்டி டிவிக்கு ஒத்துக்காது" என்று அடுத்த பூச்சாண்டி. செட்டாப் பாக்ஸை டிவியிலேயே செருகிவிட்டு, ஏஆர்சி என்று எழுதிய துளையிலிருந்து ஒரே கேபிளில் ஒலியை மட்டும் ரிசீவருக்குக் கொண்டுவரலாம். படம் ரிசீவர் பக்கமே போகாது. பிறகு அதில் எந்த எண் இருந்தால் என்ன? 2.1 எல்லாம் வீட்டில் கேம் கன்சோல் வைத்திருக்கும் பிள்ளைகளின் கவலை.

இன்னொன்று, பழைய ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஓடுகிறவர்கள் எதையும் வாங்காதீர்கள். டிவியின் ஆப்டிக்கல் துளைக்கும் அதற்கும் நடுவே சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர், டிவி செட்டிங்கில் பிசிஎம். முடிந்தது வேலை.

ஸ்பீக்கரை எடைக்குப் போடுவதற்கு முன் பின்பக்கம் பாருங்கள். 6 அல்லது 8 ஓம் என்று இருந்தால் பெரும்பாலான ரிசீவர்களுக்குப் பொருந்தும். டிவிடி ஹோம் தியேட்டர் பெட்டியோடு வந்த 3 ஓம் குட்டிகளை மட்டும் கோர்க்காதீர்கள், சூடாகி அணைந்துவிடும். கோன் ஓரத்து ஃபோம் உதிர்ந்திருந்தால் மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள். மரப்பெட்டியும் காந்தமும் வயதாவதில்லை. வாடகை வீடு, பழைய ஸ்பீக்கர் எதுவும் இல்லை என்றால் சவுண்ட்பார் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதில் ஒரு போர்டு போனால் மொத்தமும் குப்பை.

ஓம் எழுதியது அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் அதில் ஏறக்குறைய 6 என்று காட்டும், பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். "எந்தக் கடை சார்?" என்று மட்டும் இன்பாக்ஸில் வராதீர்கள்.