சுமாக்: ஒரு பெயருக்குள் இரு தாவரங்கள்

மேற்காசியச் சமையலறைகளில் எலுமிச்சைச் சாற்றுக்கு நிகராக மதிக்கப்படும் செந்நிறப் புளிப்புப் பொடியாகிய சுமாக்கை, தொட்டவர் மேனியைக் கொப்புளிக்கச் செய்யும் அமெரிக்க விஷச் செடி ஒன்றும் அதே பெயரைத் தாங்கி நிற்கிறது என்ற ஒரே காரணத்தால், ஐயத்தோடு நோக்குவது அந்த நல்ல பொருளுக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அரபியர் 'சும்மாக்' என வழங்கும் இச்சொல், சிரியாக் மொழியில் சிவப்பைக் குறித்த சொல்லின் வழியே வந்தது. ரூஸ் கோரியாரியா என்பது இதன் சாஸ்திரப் பெயர். ரோமம் படர்ந்த சிறு கனிகளைக் கொத்தோடு பறித்து, உலர்த்தி, இடித்துச் சலித்தால் கிடைக்கும் பொடியின் புளிப்பு, ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் அதே மாலிக் அமிலத்தால் ஆவது. பாலஸ்தீனத்தின் முசக்கான் என்னும் உணவில் வதங்கிய வெங்காயத்துக்கும் கோழிக்கும் நிறத்தையும் சுவையையும் தருவதும், ஈரானில் கபாபின் மீது தூவப்படுவதும் இதுவே. 'கோரியாரியா' என்ற அடைமொழியோ தோல் தொழிலைச் சுட்டுவது. துவர்ப்புச் சத்து மிகுந்த இதன் இலை, நூற்கட்டுக்கு உரிய மெல்லிய வெளிர்த்தோலைப் பதனிடுவதற்கென்று ஒரு காலத்தில் சிசிலித் தீவிலிருந்து அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று.

பெயர்க் குழப்பத்தில் தாவரவியல் மேதை லின்னேயஸுக்கும் பங்குண்டு. 1753-இல் அவர் விஷச் செடிகளையும் ரூஸ் என்னும் பேரினத்திலேயே சேர்த்தார். மறு ஆண்டே தோட்டக்கலை வல்லுநர் பிலிப் மில்லர் அவற்றை டாக்ஸிகோடென்ட்ரான் எனப் பிரித்துக் காட்டியும், மக்கள் வாயில் 'விஷ சுமாக்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அச்செடியின் உருஷியால் என்னும் எண்ணெய்தான் மேனியைப் புண்ணாக்குவது. ஜப்பானியர் பேழைகளுக்கு மெருகேற்றும் மரப்பாலிலும் அதுவே உள்ளது.

இரண்டும் மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மையே. ஆனால், வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் அக்குடும்பத்ததே. அதன் பால் பட்ட இடம் வெந்து போவதை அறிந்த நம்மவர் எவரும் அதன் பொருட்டு மாம்பழத்தை விலக்கியதில்லை, ஏனெனில் நம் மொழி அவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயரிட்டு வைத்திருக்கிறது. ஆகவே சமையற் குறிப்பு எழுதுவோர் சுமாக் என்னும் பெயரை ரூஸ் இனத்துக்கு மட்டுமே உரியதாகக் கொண்டு, மற்றதை டாக்ஸிகோடென்ட்ரான் என்றே எழுதுவது நலம். முந்திரியும் பிஸ்தாவும் உடலுக்கு ஒவ்வாதவர்கள் மட்டும், குடும்ப உறவை எண்ணி, மருத்துவரைக் கேட்ட பின்னரே சுமாக்கை உண்ண வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் குடியேறிய நம் உறவினர் ஓர் அடையாளத்தை நினைவிற் கொள்வாராக: அங்குள்ள நல்ல சுமாக்கின் கனிக்கொத்து சிவந்து நிமிர்ந்து நிற்கும், விஷச் செடியின் கனிகள் வெளிறித் தொங்கும், அதன் சிற்றிலைகளின் விளிம்பிலும் பற்கள் இரா. பின்னதை வெட்டி எரிப்பதும் ஆகாது. புகையோடு கலந்து செல்லும் எண்ணெய் நுரையீரலையும் புண்படுத்தும்.