சிவப்புச் சாயம் அடித்த சயாம் இயந்திரம்

நம் ஆட்களுக்கு ஜப்பான் கிராமப் பைத்தியம் பிடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. தோக்கியோவும் ஒசாகாவும் சாதாரண ஜனங்களுக்கு. இலக்கியம் படிப்பவன் ‘உள்ளே’ போக வேண்டுமாம். ஒருவருக்கு பாஷோ நடந்த வடக்கு, இன்னொருவருக்குக் கவாபட்டாவின் பனி. திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் மூங்கில், பாசி, மௌனம், பிறகு ஒரு கிழவி கொடுத்த தேநீர். நான் படித்தவற்றில் கிழவி வராத கட்டுரையே கிடையாது.

போன மாதம் ஜெலுத்தோங்கில் ஒரு ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது மூன்று தம்பிகள் தங்கள் பயணத் திட்டத்தை நீட்டினார்கள். ஷிசுவோக்கா மாநிலம், ஓய் நதிப் பள்ளத்தாக்கு. கனாயாவில் நீராவி ரயில், கவானேயில் தேயிலைச் சரிவுகள், மலைக்கு மேலே ஏரி நடுவில் ஒரு ஸ்டேஷன். 2022 செப்டம்பர் புயலில் பாதை சேதமானதையும் கவனித்து, மேலே போக பஸ் நேரமெல்லாம் குறித்திருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். “தோமஸ் கார்ட்டூன்ல வர்ற ஜேம்ஸ்கூட அங்கதாண்ணே ஓடுச்சு” என்றான் ஒருவன்.

ஓடியது உண்மைதான். 2015-இல் அந்த ரயில் நிறுவனம் ஒரு பழைய நீராவி இயந்திரத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்து, முன்னால் ஒரு முகத்தை மாட்டி, ஜேம்ஸ் என்று ஓட்டியது. அதன் சொந்தப் பெயர் சி56 44. போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் அந்த வகையில் 90 இயந்திரங்களை, நம் பக்கத்துத் தண்டவாள அகலத்துக்கு மாற்றி, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் கப்பலேற்றியது. சயாம் மரண ரயில் பாதைக்காக. 44 அந்தத் தொண்ணூறில் ஒன்று. 1979-இல்தான் ஊர் திரும்பியது. அதனுடன் திரும்பிய சி56 31, தோக்கியோவில் யாசுகுனி கோயிலை ஒட்டிய போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதையாவது போர்ப்பொருள் என்று தெரிந்து பார்க்கிறார்கள். 44-க்கு முன்னால் குழந்தைகள் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. மேற்கத்தியப் போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் என்று கணிக்கிறார்கள். அதில் பெரும் எண்ணிக்கையினர் மலாயாத் தோட்டத் தமிழர்கள். நல்ல கூலி, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள். ஆள் குறைந்தபோது வளைத்துப் பிடித்தார்கள். கொலரா, மலேரியா, பட்டினி. வெள்ளைக்காரக் கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், பட்டாளத்துப் பெயர்ப்பட்டியல் இருந்தது, ஒளித்து நாட்குறிப்பு எழுத அதிகாரிகள் இருந்தார்கள். அதனால்தான் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு நிற்கின்றன. நம்மாட்களுக்குப் பெயர் எழுதிவைக்க யார் இருந்தார்கள்? என் பாட்டியின் அண்ணன் கெடாவிலிருந்து போனார். “சயாமுக்குப் போனவரு” என்பதுதான் வீட்டில் அவர் பெயர்.

இதைச் சொன்னால் உடனே, “பழசைக் கிளறாதீங்கண்ணே, இப்ப இருக்கிற ஜப்பான்காரன் என்ன செய்வான்?” என்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். நான் அவர்களைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன். ஜப்பானிய ராணுவத்தில் மொழிபெயர்ப்பாளராகக் காஞ்சனபுரியில் இருந்த நாகாசே தகாஷி, போருக்குப் பிறகு நூறு தடவைக்கு மேல் அங்கே திரும்பிப் போனார். 1986-இல் பாலத்துக்குப் பக்கத்தில் அமைதிக்கென ஒரு கோயில் கட்டினார். அவருக்குக் கிளறத் தைரியம் இருந்தது. நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போயிருக்கிறோம்? பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ஏறினால் பாடாங் பெசார். எல்லை தாண்டி தாய்லாந்து ரயில் பிடித்தால், மரணப் பாதை பிரிந்த பான்போங் பகுதி அந்தத் தடத்திலேயே வருகிறது. சரக்குப் பெட்டிகளில் அடைத்து அவர்களைக் கொண்டுபோன தடமும் இதுதான். ஜப்பான் டிக்கெட் காசில் நாலு முறை போய் வரலாம்.

போக வேண்டாம் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. தாராளமாகப் போங்கள், கவானே தேயிலையும் குடியுங்கள். என் சண்டை அந்த மௌனத்தோடு. ‘ஜப்பான் கிராமத்தின் ஆழ்ந்த மௌனம்’ என்று நீங்கள் எழுதுவது, பாதிக்குப் பாதி உங்களுக்கு அந்த ஊர் பாஷை தெரியாததால் வந்த மௌனம். மீதி, கேட்கத் தோன்றாததால் வந்தது. அந்தக் கிழவியின் அப்பா 1943-இல் எங்கே இருந்தார் என்று, மொழிபெயர்ப்புச் செயலி கையில் இருந்தும், ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஹைக்கூ தொகுப்பு அலமாரியில் நாலு இருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறதா என்றால் முழிக்கிறார்கள். நம் மண்ணிலிருந்து போனவர்களைப் பற்றி நம் மொழியில் வந்த நாவல் அது. விமானத்தில் படிக்க எடுத்துப் போகலாம், கனம் ஒன்றும் அதிகமில்லை.

பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓய் நதியிலிருந்து அடுத்து ஒரு பயணக் கட்டுரை வந்தால், இயந்திரத்தின் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.